மனச்சிதைவு உள்ளவருக்குத் தாளத்தோடு நடைப்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலடி சிறுத்து, கைவீச்சு குறைந்து, நடை மந்தமாவது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாலும் வரலாம். அதற்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளின் பக்கவிளைவாலும் வரலாம். சீரான தாளத்தைக் காது பிடித்துக்கொண்டால் காலும் அதன் கணக்கில் விழும். பார்கின்சன் நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு இம்முறை பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. மனச்சிதைவில் இது துணைப்பயிற்சிதான். இதை நம்பி மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

பலரும் செய்யும் தவறு, வேகமான பாட்டைப் போட்டு நடக்கச் சொல்வது. தாளம் அவருடைய நடையிலிருந்தே பிறக்க வேண்டும். சமதரையில் ஒரு நிமிடம் இயல்பாக நடக்கவிட்டுக் காலடிகளை எண்ணுங்கள். 80 வந்தால், மெட்ரோனோமையும் (சீராக ‘டிக் டிக்’ என்று தாளம் தரும் கருவி) முதலில் 80-லேயே வையுங்கள். பழகிய பிறகு 84. ஒரேயடியாக 100-க்குப் போனால் அடி நீளாது, குறுநடைதான் வேகமாகும். அடி நீள்வதற்குத் தரையில் கோடு வேண்டும். 10 காலடிக்கு 4 மீட்டர் நடக்கிறார் என்றால், கோலமாவால் 44 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டு, அதில் கால் வைக்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் மிருதங்கமும் தவிலும் பழகிய காதுகள், அதைப் பயன்படுத்தலாம். ஆனால் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் மட்டும் தனியே வாசிப்பது) வேண்டாம், தாளச் சொற்கள் நெருங்க நெருங்கக் கால் குழம்பும். கண்ட சாபு (2+3), மிஸ்ர சாபு (3+4) ஆகிய தாளங்கள் இரண்டிலும் அடிகள் சம இடைவெளியில் விழாது. நான்கு நான்காகப் போகும் சதுஸ்ர நடைதான் சரி: ‘தகதிமி’யில் ‘த’வுக்கு இடது கால், ‘தி’க்கு வலது. வீட்டில் ஒருவர் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. சொல்பவர் தம்மையறியாமல் வேகம் கூட்டுவார். அவ்வப்போது மெட்ரோனோமோடு சரிபாருங்கள். கடைசி இரண்டு நிமிடம் ஒலியில்லாமல் நடக்கட்டும். அந்த நடை நிலைக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

காதில் குரல் கேட்பவருக்கு ஹெட்போன் மாட்டும்முன் அவரையே கேளுங்கள். சிலருக்கு இசை இதம், சிலருக்குத் தொல்லை.

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பயிற்சி வேண்டாம். களத்துமேடு நல்லது, தையில் அங்கே நெல் கிடந்தால் கோயில் வெளிப்பிராகாரம். மனச்சிதைவு மருந்துகள் உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம், ஆகவே கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

உட்கார முடியாமல் ஓயாது நடப்பதைச் சுறுசுறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். தாளம் தீர்க்காது, மருத்துவர்தான் அளவை மாற்ற வேண்டும். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, நினைவு தடுமாறினால் உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.