நட்பு வட்டத்தின் வழியே அறியப்படாத எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிதல்: நம்பிக்கை மைய ஆலோசகர்களுக்கு

எச்.ஐ.வி. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் இருக்கக்கூடும் என்பதால், நம்பிக்கை மையங்களுக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் மையங்கள்) தாமாக வருபவர்களை மட்டும் பரிசோதிப்பது போதாது. தொற்றுள்ள ஒருவரோ, தொற்றுக்கு வாய்ப்புள்ள சூழலில் இருக்கும் ஒருவரோ, தம் பாலுறவுத் துணைகளையும் சேர்ந்து ஊசி போட்டுக்கொள்பவர்களையும் நெருங்கிய நண்பர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வருவதே இம்முறை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதைப் பரிந்துரைத்தது.

முதலில், அழைப்பவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும். மறுத்தாலும் அவருக்குரிய சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் எழுதாமல், எண் மட்டும் இட்ட சில அழைப்புச் சீட்டுகளைக் கொடுங்கள். தொற்று இல்லாதவர்களிடமும் இதே சீட்டுகளைக் கொடுப்பது மிக அவசியம். இல்லையெனில், சீட்டு வைத்திருப்பதே ஒருவருடைய நிலையை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தம் நிலையை அவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. “நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள், நானும் செய்துகொண்டேன், நீயும் வா” என்பது போன்ற பேச்சை உங்கள் முன்னிலையிலேயே ஒருமுறை பேசிப் பார்க்கச் செய்யுங்கள்.

துணைகளைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொருவரைக் குறித்தும் அவர் அடித்ததுண்டா, மிரட்டியதுண்டா, வீட்டைவிட்டு வெளியேற்றுவார் என்ற அச்சம் உண்டா என்று தனித்தனியே கேளுங்கள். அச்சம் இருந்தால் அந்த அழைப்பைக் கைவிடுவதே சரி. ஒரு பெண்ணின் பாதுகாப்பைப் பணயம் வைத்துக் கண்டறியும் தொற்று நமக்கு வெற்றி ஆகாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும், வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ வாய்ப்பிருந்தால் துணையிடம் தெரிவிக்கக் கூடாது என்கிறது. வருபவரிடமும், அழைத்தவரின் நிலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது.

முதல் பரிசோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளால் உறுதி செய்த பிறகே முடிவைச் சொல்லுங்கள். உறுதியானவரை அன்றே ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துடன் இணையுங்கள், 2017 முதல் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எதுவாயினும் கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. தொற்று இல்லை என்று வந்தாலும், அண்மையில் தொற்றுக்கு வாய்ப்பிருந்தவர் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் வர வேண்டும்.

புதிதாகக் கண்டறியப்பட்டவரிடம், அதிர்ச்சி தணிந்து அவர் ஆயத்தமானதும், அவருடைய வட்டத்துக்கான சீட்டுகளைக் கொடுக்கலாம். எண்களைப் பதிவேட்டில் தொடர்ந்து குறித்து வந்தால் எந்த வட்டத்தில் புதிய தொற்றுகள் தெரியவருகின்றன என்பது புலப்படும். ஒரு வட்டத்தில் அவை நின்றுபோனால், வேறொரு வட்டத்தைச் சேர்ந்தவரை அணுகுங்கள்.