புது வீட்டுக்கு ஸ்மார்ட் ஹோம்: பூச்சுக்கு முன்னால் முடிவாக வேண்டியவை

ஸ்மார்ட் ஹோம் என்றால் பலரும் கிரகப்பிரவேசம் முடிந்து, கர்ட்டன் வாங்கும் நேரத்தில்தான் கடைக்குப் போகிறார்கள். அதற்குள் பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்தாகியிருக்கும். பிறகு எந்தக் கம்பெனிக்குப் போனாலும், சுவருக்குள் ஓடும் வயர் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைத்தான் மாட்ட முடியும். எலக்ட்ரீஷியன் வயர் பைப்புக்காகச் சுவரில் காடி எடுக்க ஆரம்பிக்கும் வாரம்தான் சரியான நேரம். கம்பெனியை ஆறு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம்.

நியூட்ரல், பெட்டி, காலிப் பைப்

நம் ஊர் வழக்கப்படி லைட் சுவிட்சுக்கு ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) மட்டும் இறங்கும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) மேலேயே லைட்டுக்குப் போய்விடும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் தானாக இருக்கும். மாடிப்படி, பாத்ரூம் வாசல், கட்டிலின் தலைமாடு போன்ற இடங்களில் இருக்காது. லைட் அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் சுவிட்ச் விழித்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வயரும் தேவை. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்களும் கடையில் உண்டு. அவை பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொள்ளும். 5 வாட், 7 வாட் எல்இடிக்கு அந்தக் கசிவே போதும்: ஆஃப் செய்த பிறகும் மங்கலாக எரியும், இல்லாவிட்டால் விட்டுவிட்டு மின்னும். அதனால் எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரலுக்கு ஒரு கருப்பு வயர் இறங்கட்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மொத்த வயரிங் செலவில் இது பெரிய தொகை இல்லை.

எந்த நியூட்ரல் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் ஒரே பெட்டிக்கு வரும் வீடுகளில், லைட்டின் ஃபேஸை ஒரு லைனிலும் மாட்யூலின் (சுவிட்சுக்குப் பின்னால் உட்காரும் ஸ்மார்ட் கருவி) நியூட்ரலை இன்னொரு லைனிலும் முறுக்கிவிடுவார்கள். போன கரண்ட் அதே வழியில் திரும்பவில்லை என்று ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கணக்குப் பார்க்கும். வீட்டுக்குப் போடும் ஆர்சிசிபி டிரிப் ஆகிக் கீழே விழ 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் போதும். ஒரு மாட்யூல் தனக்கென்று எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான் என்பதால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. நாலாவதோ ஐந்தாவதோ மாட்டிய அன்று டிரிப் ஆகும். கடைசியாக மாட்டியதுதான் மட்டமான சாமான் என்று அதைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். தப்போ முதல் நாளே நடந்திருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதன் ஃபேஸோடு சேர்ந்தே வர வேண்டும், பெட்டிக்குள் எந்த நியூட்ரல் எதனுடையது என்று சிட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது பெட்டியின் ஆழம். வழக்கமான சுவிட்சுக்குப் பின்னால் மாட்யூலும் வயரும் திணிந்தால் பிளேட் உட்காராது. வயர் நசுங்கி சூடாகும். ஒன்பது அங்குலச் சுவரில் 65 முதல் 70 மி.மீ. ஆழப் பெட்டி கேளுங்கள். நாலரை அங்குலச் சுவரில் அவ்வளவு குடைய முடியாது, அதுவும் முதுகுக்கு முதுகு இரண்டு பெட்டி வந்தால் சுவரே மிஞ்சாது. அங்கே அகலத்தைக் கூட்டுங்கள்: சுவிட்சுகளுக்கு 6 மாட்யூல் அளவு பெட்டி தேவைப்பட்டால் 8 மாட்யூல் பெட்டி (இங்கே மாட்யூல் என்பது ஒரு சுவிட்சின் இடம்), மிச்சத்துக்கு வெற்றுத் தகடு.

மூன்றாவது, டேட்டா பைப், அதாவது நெட் கேபிள் போகும் பைப். ரவுட்டர் வைக்கப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு டிவிக்கும், ஒவ்வொரு மாடியின் நடுக்கூரைக்கும், வெளியே கேமரா வரும் மூலைகளுக்கும், கேட் காலிங் பெல்லுக்கும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் 25 மி.மீ. பைப் தனியாக ஓட வேண்டும். கூரைக்குள் போகும் பைப்பை மட்டும் தளம் போடும் முன்பே கம்பிக்கட்டில் கட்டிவிட வேண்டும். கரண்ட் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே டேட்டா பைப் போகட்டும். கேட்-6 (Cat-6) நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்; பிஓஇ (நெட் கேபிளிலேயே கரண்ட் எடுக்கும்) கேமராவுக்குக் கரண்டும் அதிலேயே போய்விடும், தனி அடாப்டர் வேண்டாம். கேபிள் இழுக்காத பைப்பில் நைலான் கயிறு விட்டு வையுங்கள். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். பிற்பாடு டிரில் போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

மூன்று வழிகள்

சுவிட்சுகள் பேசிக்கொள்ள மூன்று வழி உண்டு: வைஃபை, ஜிக்பீ, வயர். வைஃபை சுவிட்சுகள் விலை குறைவு, ஹப் (எல்லா சுவிட்சையும் இணைக்கும் நடுப்பெட்டி) தேவையில்லை. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். ரவுட்டரில் 2.4-உம் 5-உம் ஒரே பெயரில் இருந்தால் சேர்க்கும்போது தகராறு செய்யும். அந்த நேரத்துக்கு மட்டும் பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு சுவிட்ச் வரை பிரச்சினை இருக்காது. நாற்பது ஐம்பது என்று ஏறினால் நெட் கனெக்‌ஷனோடு இலவசமாக வந்த ரவுட்டர் திணறும்.

இரண்டு படுக்கையறை, மூன்று படுக்கையறை வீட்டுக்கு எங்கள் தேர்வு ஜிக்பீ, வைஃபை போல வயரில்லாமல் பேசும் இன்னொரு முறை. ஒரு ஹப் வேண்டும். நியூட்ரலோடு மாட்டிய ஜிக்பீ சுவிட்சுகள் பொதுவாக சிக்னலை அடுத்ததற்குக் கடத்திவிடும். நியூட்ரல் இல்லாதவையும் பேட்டரியில் ஓடும் சென்சார்களும் கடத்தாது. கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு சிக்னல் ஏற, படிக்கட்டருகே நியூட்ரல் உள்ள சுவிட்ச் ஒன்று இருந்தாலே போதும். வைஃபை, ஜிக்பீ இரண்டும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் ஹப்பை ரவுட்டர் மேல் வைக்காதீர்கள்; ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபை சேனல் 1 என்றால் ஜிக்பீயை 20-இல் வைக்கலாம்.

வயர் வழியாகவே எல்லாம் பேசும் கேஎன்எக்ஸ் போன்ற முறைகள் உறுதியானவை. ஆனால் ஒவ்வொரு லைட்டின் வயரும் நேராக டிபி (வீட்டு மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) பக்கம் வர வேண்டும். சுவிட்சுக்கு வருவது பஸ் கேபிள், அதாவது தகவல் போகும் கேபிள் மட்டும். நடுவழியில் மனம் மாறினால் சாதாரண சுவிட்சுக்குத் திரும்புவது கடினம். புரோகிராம் போட்டவர் புராஜெக்ட் ஃபைலைக் கொடுக்காமல் போய்விட்டால், ஒரு பட்டனை மாற்றவும் அவரையே தேடி அலைய வேண்டும். ஃபைல் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை.

அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மேட்டர் (Matter) என்ற பொதுத் தரம் அக்டோபர் 2022-இல் வெளியானது. வாங்கும் சாமானில் அந்த முத்திரை இருந்தால் பின்னால் ஆப் மாற்றுவது சுலபம். அதைச் சேர்க்க வேண்டிய 11 இலக்க எண் மாட்யூலின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். சுவருக்குள் போவதற்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதில் எதை மாட்டுவது

எல்லா சுவிட்சையும் ஸ்மார்ட் ஆக்குவது வீண் செலவு. ஸ்டோர் ரூம் லைட்டை யாரும் போனில் போடுவதில்லை. போர்ட்டிகோ, கேட், ஹால், படிக்கட்டு, படுக்கையறை லைட் ஃபேன், கீசர், மோட்டார் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால், இரண்டு படுக்கையறை வீட்டில் 15 பாயின்டுக்கு மேல் வராது.

3000 வாட் கீசர் 13 ஆம்பியர் எடுக்கும். 10 ஆம்பியர் மாட்யூலில் போட்டால் உள்ளே ஆன்-ஆஃப் செய்யும் ரிலே உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆஃப் கொடுத்தாலும் அணையாது. சம்ப் மோட்டார், போர் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். கீசர், மோட்டார் இரண்டுக்கும் டிபியில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) வைத்து, மாட்யூல் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும்.

பிஎல்டிசி ஃபேனை (உள்ளேயே எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள ரிமோட் ஃபேன்) ஸ்பீட் கட்டுப்படுத்தும் மாட்யூலில் மாட்டவே கூடாது, அதன் உள் சர்க்யூட் கெட்டுவிடும். வெறும் ஆன்-ஆஃப் கொடுத்துவிட்டு, வேகத்தை ரிமோட்டுக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட் பல்பு வாங்குவதைவிட ஸ்மார்ட் சுவிட்ச் நல்லது. வீட்டில் பெரியவர்கள் பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்ததும் பல்புக்குக் கரண்டே போகாது. அப்புறம் ஆப்பில் என்ன அழுத்தினாலும் அசையாது.

பணம் கொடுக்குமுன்

முதலில் ரவுட்டரை அணையுங்கள். எல்லா லைட்டும் கையால் போட்டால் எரிய வேண்டும். ரவுட்டரைப் போட்டு நெட்டை மட்டும் துண்டியுங்கள். ஜிக்பீ என்றால் டைமர்கள் அப்போதும் ஓட வேண்டும். அடுத்து மெயினை இறக்கி ஏற்றுங்கள். கரண்ட் திரும்பியதும் எது எது தானாக எரிகிறது என்று பாருங்கள். சில மாடல்களில் கரண்ட் திரும்பும்போதைய நிலை தொழிற்சாலையிலேயே ஆன் என்று வைத்து வரும். நடுராத்திரி கரண்ட் போய் வந்ததும் கீசர் ஓட ஆரம்பித்தால், ஊருக்குப் போயிருக்கும் வீட்டில் யார் அணைப்பது? அதை ஆஃப் என்று மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டரும் ஹப்பும் இன்வெர்ட்டர் பிளக்கில்தானா என்பதையும் இந்த ஒரு சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

மாட்ட வந்தவர் தன் மெயிலில் கணக்குத் தொடங்கிவிட்டுப் போவது வழக்கம். அப்படியென்றால் உங்கள் வாசல் கேமரா அவர் போனிலும் தெரியும். உங்கள் மெயிலில், உங்கள் போனில், உங்கள் எதிரிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.