பிக்கப்பும் டிரெய்லரும்: பெரும்பாரத்தைக் கட்டி இழுப்பது எப்படி?

பிக்கப் வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது இழுவைத் திறனை. ஆனால் இழுப்பது சுலபம். மூன்று டன் டிரெய்லரை நிறுத்துவதும், இறக்கத்திலும் வளைவிலும் கட்டுக்குள் வைத்திருப்பதும்தான் கடினம். பாரம் டிரெய்லரில் எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. புதிதாகப் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறுமையாகச் செய்தால் யாராலும் செய்ய முடியும்.

1. எடைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. டிரெய்லரின் வெற்று எடை 800 கிலோ, அதில் ஏற்றப்போகும் சிறிய மண்வெட்டும் இயந்திரம் 2,200 கிலோ. மொத்தம் 3,000 கிலோ. இதில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 300 முதல் 450 கிலோ வரை, பிக்கப்பின் பின்னால் உள்ள கொக்கியின்மீது கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இதுதான் முன்பாரம்.

இந்த முன்பாரம் பிக்கப்பின் சுமைத் திறனுக்குள் அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுமைத் திறன் 700 கிலோ என்றால், நான்கு பேர் ஏறியதும் ஏறக்குறைய 300 கிலோ போய்விடும். மிச்சம் 400 கிலோ. பின்தொட்டியில் கருவிப்பெட்டி, டீசல் கேன் எல்லாம் வைத்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். இழுவைத் திறன் பாக்கி இருந்தாலும் வண்டி அதிகபாரத்தில்தான் ஓடுகிறது. வண்டி, டிரெய்லர், கொக்கி, இணைப்புப் பந்து, டயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. அவற்றில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

2. டிரெய்லரை மாட்டுதல்

பிக்கப்பின் இணைப்புப் பந்தின் விட்டமும், அதைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் மூக்கிலுள்ள கப்ளரில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கப்ளரில் சிறிய பந்து சுலபமாக நுழைந்துவிடும், பூட்டியதுபோலவும் தெரியும். முதல் பெரிய குழியில் கழன்றுவிடும்.

கப்ளரைப் பூட்டி, பூட்டு ஊசியைச் செருகிய பிறகு, டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சில சுற்று ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் பிடி சரி. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் அவசர பிரேக் கம்பியைத் தனியாக, வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள். கொக்கியிலோ சங்கிலியிலோ மாட்டினால், அவை கழலும்போது இதுவும் கூடவே போய்விடும். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று சரிபார்க்கட்டும்.

3. ஏற்றுதல்

டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிய பிறகுதான் ஏற்ற வேண்டும். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இயந்திரம் சாய்தளத்தில் ஏறும்போது அதன் எடை முழுவதும் டிரெய்லரின் வாலில் விழுகிறது, மூக்கு எழும்பி வண்டியின் பின்பகுதியைத் தூக்குகிறது. கைபிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான் வேலை செய்யும். சக்கரங்கள் தரையில் அழுந்தாதபோது பிரேக் போட்டும் பயனில்லை, மொத்த வண்டியும் நகரத் தொடங்கலாம். எனவே சமதரையில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வாலுக்கடியில் ஊன்றுகால் கொடுத்த பிறகே ஏற்றுங்கள். சாய்தளத்துக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

பாரத்தில் சுமார் 60 விழுக்காடு டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பாரம் பின்பக்கம் கூடிவிட்டால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும், வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். முன்பாரம் அளவுக்கு மீறினால் பிக்கப்பின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

கண்மதிப்பை நம்ப வேண்டாம். எடை மேடையில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள், 2,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிரெய்லரை மாட்டியபடியே, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறு நிறுத்துங்கள். 2,700 காட்டினால் முன்பாரம் 350 கிலோ. மூவாயிரம் கிலோவுக்கு அது சரியான அளவு. குறைந்தால் இயந்திரத்தைச் சற்று முன்னே நகர்த்துங்கள். ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறுவதைப் பார்ப்பீர்கள். சரியான இடம் தெரிந்ததும் டிரெய்லர் தளத்தில் பெயின்டால் குறியிட்டுவிடுங்கள்.

4. கட்டுதல்

திடீர் பிரேக்கில் பாரம் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் பாயலாம், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பத்தில் ஐந்து பங்கு. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் அளவும் இதுவே. நம் 2,200 கிலோ இயந்திரத்துக்கு முன்னோக்கிய விசை 1,760 கிலோ. கனமான பொருள், அசையாது என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். கனம் கூடக்கூட அதை அடக்கும் விசையும் கூட வேண்டும்.

இரும்பு இயந்திரத்துக்குச் சங்கிலிதான் பொருத்தம். நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி. முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் சாய்வாக இழுக்கட்டும். செங்குத்தாகக் கட்டினால் பாரம் கீழே அழுந்தும், ஆனால் முன்னும் பின்னும் நகர்வதை நேரடியாகத் தடுக்காது. இயந்திரத்தில் கட்டுவதற்கென்றே வளையங்கள் இருக்கும், அவற்றில் மாட்டுங்கள். ஹைட்ராலிக் குழாய்களின்மேல் சங்கிலி படவே கூடாது. இயந்திரத்தின் மண் அள்ளும் வாளியைத் தளத்தில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, வாளியையும் தனியாகக் கட்டுங்கள்.

மரச்சட்டம், பெட்டி போன்றவற்றுக்கு ராட்செட் பெல்ட் போதும். பெல்ட்டை உருளையின் பிளவில் நுழைத்து, தொய்வு முழுவதையும் முதலில் கையால் இழுத்துவிட வேண்டும். அதன்பின் கைப்பிடியை ஆட்டினால் உருளையில் இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் இறுக்கம் வந்துவிடும். தொய்வோடு ஆட்டினால் சுற்று பெருத்து ராட்செட் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியை முழுவதும் மடக்கிப் பூட்டி, மிச்ச முனையைக் காற்றில் படபடக்காமல் கட்டிவிடுங்கள். கூரான விளிம்புகளில் காப்பு வையுங்கள். முடிச்சுப் போட்ட பெல்ட், ஓரம் கிழிந்த பெல்ட், தாங்குதிறன் லேபிள் இல்லாத பெல்ட் மூன்றையும் தூக்கிப் போடுங்கள். விலையைப் பார்த்து மனம் மாறாதீர்கள்.

5. ஓட்டுதல்

புறப்படும்முன் டயர் காற்று, சக்கர நட்டு இரண்டையும் பாருங்கள். டிரெய்லருக்கு மின் பிரேக் இருந்தால், காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, ஓட்டுநர் அருகே உள்ள அதன் கைநெம்புகோலை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் வண்டியைத் தெளிவாகப் பின்னிழுக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது.

வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. முன்வண்டியிலிருந்து தாராளமாக இடைவெளி விடுங்கள். இறக்கம் தொடங்கும்முன்பே கியரைக் குறையுங்கள், பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். கால்பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் ஆட்டத்தைப் பெருக்கும். அடங்கியதும் ஓரமாக நிறுத்திப் பாரத்தின் இடத்தைச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் மெதுவாகவே போய்விடலாம் என்று பயணத்தைத் தொடர வேண்டாம்.

முதல் சில கிலோமீட்டரிலேயே ஒருமுறை நிறுத்துங்கள், ஏனென்றால் பாரம் அமரும்போது எல்லாக் கட்டும் சற்றுத் தளரும். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் சங்கிலி, கப்ளர், டயர் மூன்றையும் சுற்றிப் பாருங்கள். சக்கரக் குடத்தின் அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பழுதாகிக்கொண்டிருக்கிறது.

6. கழற்றுதல்

பாரத்தை இறக்கிய பிறகும் சமதரையில்தான் கழற்ற வேண்டும். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், பிறகு கப்ளர் பூட்டைத் திறந்து, ஜாக்கியால் மூக்கை உயர்த்தி, விளக்குக் கம்பியைக் கழற்றுங்கள். பாதுகாப்புச் சங்கிலியைக் கடைசியாகக் கழற்றுங்கள். கட்டையில் ஏதாவது தவறு நடந்து டிரெய்லர் உருண்டாலும், அந்த நேரத்தில் அதைப் பிடித்துவைப்பது அந்தச் சங்கிலி மட்டும்தான்.