மாம்பழத்துக்கு எதற்குப் பெரிய எழுத்து?

ஆறாம் வகுப்பு ஆங்கில நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஐ லைக் மேங்கோ' என்று எழுதிய ஒரு மாணவி, மேங்கோவின் 'எம்' எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சிறப்புப் பெயருக்குப் பெரிய எழுத்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டீச்சர்?"

தவறு என்னுடையதுதான். தமிழ் வகுப்பில் அவள் படித்தது இது: மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர், மா என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். அந்தக் கணக்குப்படி மாம்பழத்துக்குப் பெரிய எழுத்து போட்டது சரியே. 'பெயர்ச்சொல் என்றால் பெரிய எழுத்து' என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் மோசம். மேசை, நாற்காலி எல்லாம் தலைதூக்கிவிடும். ஜெர்மன் மொழியில் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் செல்லாது.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே இல்லை. எனவே இந்த விதிக்குத் தமிழ் இலக்கணத்திலிருந்து பெயரைக் கடன் வாங்காமல் இருப்பதே நல்லது. இப்போது நான் 'வைத்த பெயர்' என்று மட்டும் சொல்கிறேன். ஆறு என்பது பொதுச்சொல், அதற்கு வைத்த பெயர் காவிரி. 'ரிவர்' தனியாக வந்தால் சிறிய எழுத்து. 'ரிவர் காவேரி' என்று பெயரோடு சேர்ந்தால் இரண்டுக்கும் பெரிய எழுத்து. அம்மாவுக்கும் இதே கதை. 'மை மதர்' என்றால் சிறியது. பெயர் போல 'மதர்' என்றே அழைத்தால் பெரியது.

கிழமையையும் மாதத்தையும் இதில் அடக்கப் பார்க்காதீர்கள். அவை எப்போதும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும், 'சம்மர்' போன்ற பருவப் பெயர்கள் சிறியவை என்று மனப்பாடமாகவே கொடுத்துவிடலாம். பாடங்களில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் மொழிப் பெயர்கள் என்பதால் பெரியவை. வாக்கியத்தின் நடுவே மேத்ஸ், சயின்ஸ் சிறியவை. சுவரில் தொங்கும் கால அட்டவணை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் காட்டிப் பிள்ளைகளைக் குழப்பும், அதையும் சொல்லி வையுங்கள்.

'நான்' என்ற பொருளில் வரும் 'ஐ' வரியில் எங்கே வந்தாலும் பெரியதுதான். அதைப் படித்த வேகத்தில் 'யூ'வுக்கும் மரியாதை கொடுத்துவிடுவார்கள்! நீங்கள் என்று மதிப்பாகச் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்குத் தன்னைப் பெரிதாகவும் எதிரில் இருப்பவரைச் சிறிதாகவும் எழுதுவது விநோதமாகத்தான் இருக்கும்.

ஆசிரியர்கள் அதிகம் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழு எழுத்துகளுக்கும் பெரியதும் சிறியதும் ஒரே வடிவம், அளவு மட்டுமே வேறு. நான்கு கோடு நோட்டில் பெரிய 'எஸ்' மேலிரண்டு இடைவெளியை நிரப்பும், சிறியது நடு இடைவெளியில் அடங்கும். ஒற்றைக் கோடு நோட்டுக்கு மாறியதும் அந்த அளவுகோல் போய்விடுகிறது. 'சேலம்' என்று பிள்ளை எழுதியதில் முதலெழுத்து எதுவென்று எனக்கே தெரியாமல் போவதுண்டு. விதி தெரியவில்லை என்று சிவப்பு மையால் சுழிக்கும் முன், பக்கத்து எழுத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பாதி நேரம் அது கையெழுத்துக் கோளாறாகத்தான் இருக்கிறது.