காசநோய் மாத்திரையோடு மற்ற மாத்திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசநோயும் இன்னும் பரவலாக இருக்கும் நாடு இது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். காசநோய் மருந்து அரசு கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பலர் தனியார் டாக்டரிடம் போகிறார்கள். ஒருவர் எழுதிக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவை.

காசநோய்க்கான கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருக்கிறது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவதும், கண்ணீரிலும் நிறமேற்றி கான்டாக்ட் லென்ஸைக் கறையாக்குவதும் இதுதான். சிறுநீரைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு, அது தீங்கற்றது. கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் கல்லீரலில் நடப்பதை.

கல்லீரல் செல்களிலும் குடல் செல்களிலும் பிரெக்னேன் எக்ஸ் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. உட்கரு ஏற்பிகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்த இது 1998இல் கண்டறியப்பட்டது. அந்தக் குடும்பத்தின் ஹார்மோன் ஏற்பிகள் தத்தமக்குரிய ஹார்மோனைத்தான் ஏற்கும். இதன் பிணைப்புக் குழியோ அகலமானது, வளைந்துகொடுப்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேதிப்பொருள்கள்கூட அதில் பொருந்திவிடும். பொருந்தியதும் இது இன்னொரு ஏற்பியோடு இணை சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, நச்சு நீக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த நொதிகளில் முதன்மையானது சி.ஒய்.பி. 3ஏ4. நாம் விழுங்கும் மருந்துகளில் மிகப் பலவற்றைச் சிதைப்பது இந்த ஒரு நொதிதான். அந்நியப் பொருளை வெளியேற்ற உடல் செய்துவைத்திருக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் எது நஞ்சு, எது நமக்கு வேண்டிய மருந்து என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ரிஃபாம்பிசின் இந்த ஏற்பியை மிக வலுவாகத் தூண்டுகிறது. பெருகிய நொதிகள் கூடவே உண்ணும் மற்ற மருந்துகளையும் சேர்த்துச் சிதைக்கின்றன.

"காசநோய் மாத்திரையைக் காலையில் போடுங்கள் ஆன்ட்டி, மற்றதை இரவில் போட்டால் இரண்டும் மோதாது" என்று அக்கறையோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அமிலத்தைத் தணிக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை போன்றவை வயிற்றிலேயே மற்ற மருந்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடியவை. அவற்றுக்கு இந்த யோசனை உதவும். இங்கே நடப்பது வேறு. கூடுதல் நொதி ஏற்கெனவே கல்லீரலில் உருவாகி, இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. எத்தனை மணிக்கு விழுங்கினாலும் விளைவு ஒன்றுதான்.

முதல் சில நாள் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. நொதிகள் முழு அளவுக்குப் பெருக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதன் பிறகு கிளிக்லசைடு, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் இறங்கி, சர்க்கரை ஏறும். வீட்டில் உடனே சோற்றின்மேலும் இனிப்பின்மேலும் பழி விழும். காசநோய்த் தொற்றே சர்க்கரையை ஏற்றக்கூடியது என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். மெட்ஃபார்மினையும் இன்சுலினையும் இந்த நொதிகள் சிதைப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் ஆகியவையெல்லாம் அடிபடும்.

இதைக் கேட்டுவிட்டுக் காசநோய் மாத்திரையை நிறுத்துவதைப்போல ஆபத்தான முடிவு வேறில்லை. நோய் திரும்பும், மருந்துக்குப் பணியாத கிருமி உருவாகும். மாற்ற வேண்டியது மற்ற மருந்துகளின் அளவை. அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும்.

சிகிச்சை முடியும் நாளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் கணிப்பில் எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது இதுதான். வழக்கமான ஆறு மாத சிகிச்சை முடிந்ததும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது, கோயிலுக்குப் போகிறது. ஆனால் இடையில் கூட்டி எழுதப்பட்ட சர்க்கரை மாத்திரையும் வார்ஃபரினும் அதே அளவில் தொடர்கின்றன. ஏற்பியின் தூண்டுதல் நின்றபின் நொதிகள் பழைய நிலைக்கு இறங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த நாள்களில் மருந்தின் அளவு இரத்தத்தில் மெல்ல மெல்ல ஏறும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றத்தோடு சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவு வரலாம். தொடங்கிய நாளை டாக்டரிடம் சொன்னதுபோலவே முடியும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் இந்தக் கணக்கு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: ரிஃபாம்பிசினோடு டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை உண்ண வேண்டும், ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர வேண்டும்.

கருத்தடை மாத்திரையும், கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சியும் இதே காரணத்தால் பலனிழக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2014இல் அந்தக் குச்சி அரசு கிளினிக்குகளுக்கு வந்த பிறகு, ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று எச்சரிக்க வேண்டி வந்தது. காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. "எனக்கு நோய் இல்லை, தடுப்புக்குத்தானே வாரம் ஒருமுறை உண்கிறேன்" என்று சொல்பவர்களும் கவனிக்க வேண்டும்: தடுப்பு மருந்தில் உள்ள ரிஃபாபென்டினும் இதே ஏற்பியைத் தூண்டும்.

மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. டர்பனின் வாரிக் ஜங்ஷன் மூலிகைச் சந்தைக்கு நம்மவர்களும் போகிறார்கள். ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு என்று விற்கும் கிழங்கும், கான்சர்புஷ் என்ற சதர்லாந்தியாச் செடியும் இந்த ஏற்பியைத் தூண்டுவதாக 2005இல் வெளியான ஆய்வகச் சோதனைகள் காட்டின. சோதனைக் குழாயில் கண்டது உடலில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எச்.ஐ.வி. மருந்து உண்பவர் மறைக்காமல் சொல்ல அதுவே போதிய காரணம். மனச்சோர்வுக்கு மருந்துக்கடைகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் விஷயத்தில் ஐயமே இல்லை: உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவைக் குறைத்து, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கும் நிலைவரை அது கொண்டுபோயிருக்கிறது.

"கல்லீரலைத் தூண்டி நச்சு நீக்கும்" என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்த ஏற்பி அதிகமாகத் தூண்டப்பட்டால் கல்லீரலில் கொழுப்புச் சேரலாம். வைட்டமின் டி-யும் வேகமாகச் சிதைந்து எலும்பு பலவீனமாகலாம். கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களிடம் இதைக் காணலாம். அப்படி யாராவது வீட்டில் இருந்தால், அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.