ஆஃப்-பீக் டிக்கெட் செல்லாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் (பிரிட்டன் ரயில்)

பீக் எனப்படும் நெரிசல் நேரத்தில் செல்லாத, விலை குறைந்த டிக்கெட்தான் ஆஃப்-பீக். "ஆஃப்-பீக் என்றால் காலை 9.30-க்கு மேல்" என்று பிரிட்டனுக்கு வந்ததுமே யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். நாடு முழுவதற்கும் ஒரே பீக் நேரம் கிடையாது. டிக்கெட் வாங்கத் தெரியும் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு ஆஃப்-பீக் கட்டணத்துக்கும் எந்த நேரத்தில் செல்லாது என்பதைக் காட்டும் ஒரு கட்டுப்பாட்டுக் குறியீடு உண்டு, எழுத்தோ எண்ணோ இரண்டே இடத்தில். செயலிகளில் இதைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். நான் பிஆர் ஃபேர்ஸ் (BR Fares) இணையதளத்தைத்தான் பார்ப்பேன். அழகில்லாத தளம்தான், ஆனால் கட்டணமும் குறியீடும் பக்கத்திலேயே இருக்கும்.

2. அந்தக் குறியீட்டுக்குரிய விதியை முழுக்கப் படியுங்கள். சிக்கலே இங்கேதான். போவதற்கும் திரும்புவதற்கும் தனித்தனி விதி இருக்கலாம். சில விதிகள் கிளம்பும் நேரத்தைப் பார்க்கும். சில, லண்டன் போய்ச் சேரும் நேரத்தை. எனக்கு வந்த தகராறு திரும்பும் டிக்கெட்டில். அதற்குக் கட்டுப்பாடே இல்லை. இன்ஸ்பெக்டரோ காலை விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் எடுத்து வைத்திருந்த விதியின் படத்தை நீட்டினேன். கடைசி வரி வரை தள்ளிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

இன்னொன்று: கணக்கில் வருவது அட்டவணை நேரம்தான். 9.20 ரயில் தாமதமாகி 9.40-க்குக் கிளம்பினாலும் அது 9.20 ரயில்தான்.

3. குரலை உயர்த்தாதீர்கள். "எந்தக் குறியீட்டை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பெயரும் முகவரியும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மறுப்பது தனிக் குற்றம்.

4. நேரம் உண்மையிலேயே தப்பாக இருந்தால், நேஷனல் ரயில் பயண நிபந்தனைகளில் 9-ஆவதைக் காட்டுங்கள். தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் பொருந்தாத ஆஃப்-பீக் டிக்கெட்டுக்குக் கட்டண வித்தியாசத்தைத்தான் வாங்க வேண்டும். அதுவே சில தடங்களில் பர்ஸைக் காலி செய்யும், அது வேறு கதை.

5. அதையும் மீறி அபராதம் எழுதினால் சீட்டை வாங்கிக்கொண்டு 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து அபராதம் 100 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 பாதியாகும். டிக்கெட், விதியின் படம் இரண்டையும் இணைக்க மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கென்றே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இந்தக் கட்டண வித்தியாச விதி பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருந்தாது. வேறு ரயிலில் ஏறினால் புது டிக்கெட்தான்.

அப்புறம், 16-25 ரயில்கார்டு (இளைஞர்களுக்கான கட்டணச் சலுகை அட்டை) வைத்திருப்பவர்கள் காலை பத்து மணிக்கு முந்தைய குறைந்தபட்சக் கட்டண விதியைத் தனியாகப் பாருங்கள்; சலுகை போனாலும் கட்டணம் அந்தத் தொகைக்குக் கீழே போகாது. 2024-இல் இந்த விதியைக் கவனிக்காமல் 1.90 பவுண்டு குறைவாகக் கட்டிய ஓர் இளைஞர் மீது வழக்குத் தொடரப்போவதாக நார்தர்ன் ரயில் நிறுவனம் கடிதம் அனுப்பியது. செய்தி பரவிய பிறகுதான் கைவிட்டார்கள்.