யாரும் வைக்காத பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வேலை, வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதுவது. அப்புறம் சிலேட்டைக் கொடுத்து அவரவர் பெயரை எழுதப் பழக்குவேன்.

ஒரு வருடம் வந்த பையனுக்குப் பெயர் 'க்ஷ'வில் தொடங்கியது. நடுவில் ஒரு 'ஷ்', கடைசியில் 'த்விக்'. அ, ஆ இன்னும் கை பழகாத பிள்ளை. வட எழுத்துகள் பாடத்தில் வெகுநாள் கழித்துத்தான் வரும். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மூன்றே எழுத்துப் பெயர். எழுதி முடித்து வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டாள். இவன் முதல் எழுத்தையே அழித்து அழித்து எழுதினான். சிலேட்டு முழுக்க எச்சில் ஈரம். நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், எனக்கு வேற பேரு இல்லியா?" என்றான். அன்றிலிருந்து, கர்ப்பமாக இருக்கும் பெண் யாராவது என்னிடம் பிள்ளைக்குப் பெயர் கேட்டால் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

புதுப் பெயர், துணிச்சலான பெயர் வைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லவும் கூடாது. 1809-இல் சாமித்தோப்பில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியினர் எதிர்த்ததால், அது முத்துக்குட்டி ஆயிற்று. அந்த முத்துக்குட்டிதான் பின்னால் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற அய்யா வைகுண்டர். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரஸ் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று சூட்டினார்கள். 2022-இல் வாத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்ததும் அந்தப் பெயரில்தான். விரும்பிய பெயரை வைக்கும் உரிமை நம் ஊரில் போராடிக் கிடைத்தது. அதனால்தான் அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, பெயரை வாயால் சொல்லிப் பார்க்காமலே முடிவு செய்வது. போன் திரையில் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடுகிறார்கள். பெயர் என்பது ஆச்சி முற்றத்தில் நின்று, விளையில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையை விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடுவது. அதே மாதிரி நின்று, அதே சத்தத்தில், பத்துத் தடவை கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் வயதானவர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் அது எப்படித் திரிகிறதோ, அதுதான் பிள்ளைக்கு நிலைக்கப் போகும் பெயர். திரிந்த வடிவமும் காதுக்கு நன்றாக இருந்தால் சரி. வாயிலேயே நுழையாவிட்டால் ஆச்சி 'மக்கா' என்றோ 'குட்டி' என்றோ கூப்பிட்டுச் சமாளித்துவிடுவாள். நீங்கள் ஆறு மாதம் தேடிய பெயர் சான்றிதழில் மட்டும் கிடக்கும். கூடவே, பெயரைச் சுருக்கிச் சொன்னால் கேலிச் சொல் ஏதும் வருகிறதா என்று பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கேளுங்கள். அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பொருள். இணையத்தில் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாப் பெயருக்கும் 'ஒளி', 'வெற்றி', 'தேவதை' என்று ஏதாவது எழுதிவிடுகிறார்கள். ஒரு தாய் மிருதா என்ற பெயரோடு வந்தார். மென்மை என்று பொருள் போட்டிருந்ததாம். மென்மை என்பது மிருது. மிருத என்றால் இறந்த என்று பொருள். இறந்தவரை எழுப்பும் மருந்து என்று சொல்லும் மிருதசஞ்சீவினி என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. அம்ருதா என்றால் இறவாதவள். அந்த 'அ'வைச் சீவிவிட்டால் பொருள் அப்படியே தலைகீழாகிவிடும். நல்லவேளை, அப்போது பதிவு செய்யவில்லை; மிருதுளா என்று வைத்துக்கொண்டார்கள்.

வேதாகமப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மாரா என்பது இப்போது சின்னதாக, ஸ்டைலாகத் தெரிகிறது. ரூத் புத்தகத்தில் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த நகோமி, கசப்பு என்ற பொருளில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. நாளாகமம் புத்தகத்தில் வரும் யாபேஸ் என்ற பெயரும் தாய் துக்கத்தோடு பெற்றதால் வந்தது. ஆனால் யாபேஸ் தன் சகோதரரைவிடக் கனம் பெற்றான் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்து, அதற்காகவே வைக்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் தாராளமாக வைக்கலாம். தெரியாமல் வைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்து தானே கண்டுபிடித்துக் கேட்கும்போது விழிக்கக் கூடாது.

யாரும் வைக்காத பெயர் என்று நினைத்து எல்லோரும் வைக்கும் பெயரை வைப்பது இன்னொன்று. அஜின், விஜின், சுஜின், ரெஜின், ஷாஜின். அப்பா பெயரில் ஓரெழுத்து, அம்மா பெயரில் ஓரெழுத்து எடுத்து, கடைசியில் ஒரு 'ஜின்'. ஒவ்வொரு வீட்டிலும் ஆசையோடு தனியாக உண்டாக்கியதுதான். என் வகுப்பில் அவர்கள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, ஒருவனைக் கூப்பிட்டால் நான்கு தலை திரும்புகிறது.

வித்தியாசமான பெயருக்குத் தூரமாகப் போக வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். சுசீந்திரம் கோயில் சாமியான தாணுமாலயன் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மன். தாணு என்ற இரண்டெழுத்து நாஞ்சில் நாட்டுத் தாத்தாக்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஒரு குழந்தைக்கு வைத்தால் வகுப்பில் அவன் ஒருவனுக்குத்தான் இருக்கும். கோதையாறு ஓடும் மாவட்டத்தில் கோதை என்று ஒரு பெண் குழந்தையை நான் பதிவேட்டில் எழுதியதே இல்லை. ஆண்டாளின் பெயர், மாலை என்று பொருள், எழுதவும் எளிது. தமிழ்ப் பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவும் சொல்லமாட்டேன். சங்கப் பாட்டில் வரும் ஆற்றின் பெயரான பஃறுளி என்று வைக்க ஆசைப்பட்ட ஒரு தகப்பனை, முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பெயரில் உங்கள் கொள்கையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்குக் குலதெய்வத்தின் பெயரான சொரிமுத்து என்றுதான் முதலில் பெயர். ஜீவானந்தம் ஆனார், தனித்தமிழ்ப் பற்றில் உயிரின்பன் ஆனார், மறுபடி ஜீவானந்தத்துக்கே திரும்பினார். கொள்கை மாறியபோது பெயரை மாற்றிக்கொள்ள அவருக்கு முடிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை, காரணம் காகிதம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம்; அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவசரப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துப்பிழை என்றால் திருத்தலாம். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டும்.

எண் கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கில எழுத்தில் ஒரு 'ஏ'யும் ஒரு 'ஹெச்'சும் கூட்டுகிறவர்கள், அதை முதல் சான்றிதழுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மாறினால் அலைச்சல் பிள்ளைக்குத்தான். தமிழிலும் இதே கதை உண்டு: ஆன்றனி, அந்தோணி, ஆண்டனி மூன்றும் ஒரே புனிதர்தான், காகிதத்தில் மூன்று ஆட்கள். யாழினி போல 'ழ' வரும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிடுங்கள். இனிஷியலின் விரிவையும் சேர்த்து யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் சொன்னபோது, வளைகுடாவை நம்பியிருக்கும் நம் ஊர் வீடுகளில் எவ்வளவு பதற்றம்! தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

பதியப் போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லி எழுத விடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பையில் மடித்து வைக்காமல், அந்த வாசலிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.